ஒன்பது வாரமாகியும் வடியாத வீக்கம்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: மதிப்புக்குரிய மருத்துவருக்கு வணக்கம். எனக்கு வயது 27. பதின்வயதிலிருந்தே மார்பு புடைத்துத் தெரிந்ததால், நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டே வளர்ந்தவன் நான். ஒன்பது வாரங்களுக்கு முன் மார்புக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரு பக்கமும் லைப்போசக்‌ஷன் மூலம் கொழுப்பை உறிஞ்சி, காம்புக்கு அடியிலிருந்த சுரப்பியையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் மார்பு நன்றாகத் தட்டையாகத் தெரிந்தது. ஆறு வாரம் முடிந்ததும் இறுக்க உடுப்பை நிறுத்திவிட்டேன். இப்போது வலது காம்புக்கு நேர் அடியில், பெரிய பொத்தான் ஒன்றைப் புதைத்து வைத்ததுபோல் கெட்டியாக இருக்கிறது. காலையில் பரவாயில்லை, மாலையானால் புடைப்பு கூடுகிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. இடப்பக்கம் இந்த அளவுக்கு இல்லை. ஆறு வாரத்தில் எல்லாம் வடிந்துவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சுரப்பியை முழுதாக எடுக்காமல் விட்டுவிட்டார்களா? மறுபடியும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா? தினமும் கண்ணாடி முன் நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, நிம்மதியே போய்விட்டது.

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்களை வைத்துப் பார்த்தால், நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஆறிக்கொண்டிருக்கும் திசுவின் கெட்டித்தன்மைதான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, காலையில் குறைந்து மாலையில் கூடுகிறது. இவை எல்லாமே அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. மறு அறுவை சிகிச்சையைப் பற்றி ஆறு மாதம் முடிவதற்கு முன் யாரும் முடிவு செய்யக் கூடாது. ஆனாலும் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருப்பதால், உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை இந்த வாரமே பார்த்து, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கையால் தொட்டுப் பார்த்தே அவர் சொல்லிவிடக்கூடும். ஐயம் இருந்தால் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும்.

இனி, ஏன் இப்படி ஆகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

லைப்போசக்‌ஷனின்போது ஒரு மெல்லிய குழாயைத் தோலுக்கு அடியில் பலமுறை முன்னும் பின்னுமாகச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சுகிறோம். அந்தக் குழாய் போன வழியெல்லாம் நுண்ணிய சுரங்கங்கள் உண்டாகின்றன. சுரப்பியை எடுத்த இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அந்தப் பகுதியிலிருந்து நீரை வடித்துச் செல்லும் நுண்ணிய நிணநீர் நாளங்களில் பலவும் இதில் அறுபடுகின்றன. வடிகால் அடைபட்ட நிலத்தில் தண்ணீர் தேங்குவதைப்போல, திசுக்களுக்கு இடையே நீர் தேங்குகிறது. இந்த வீக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும். கன்றிப்போன நிறம் இரண்டு அல்லது மூன்று வாரத்தில் மறையும். கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தில் பெரும்பகுதி நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் இறங்கிவிடும். எஞ்சியது இறங்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். மார்பின் இறுதி வடிவம் தெரிய ஓராண்டு வரையும் பிடிக்கலாம்.

ஆறு வாரம் என்று உங்களிடம் சொல்லி அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு வாரம் என்பது பெரும்பாலானோர் இறுக்க உடுப்பை விட்டுவிட்டு, படிப்படியாகக் கடின உடற்பயிற்சிக்குத் திரும்பும் காலம். வீக்கம் முழுவதும் வடிந்து முடியும் காலம் அது அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லிவிடுவதால்தான், ஏழாவது வாரத்தில் எத்தனையோ இளைஞர்கள் தங்களுக்கு மட்டும் ஏதோ தவறிவிட்டது என்று மனம் கலங்கி நிற்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே, ஆற அமர உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டியது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.

மூன்றாவது வாரத்தில் தட்டையாக இருந்தது ஒன்பதாவது வாரத்தில் ஏன் புடைக்கிறது என்பதுதான் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதல் சில வாரங்கள் இரவும் பகலும் இறுக்க உடுப்பு மார்பை அழுத்திக்கொண்டிருந்தது. உடுப்பைக் கழற்றிய சிறிது நேரத்துக்கும்கூட அந்தத் தட்டை நிலை நீடிக்கும், நாமும் அந்த நேரத்தில்தான் கண்ணாடியைப் பார்க்கிறோம். உடுப்பை அடியோடு நிறுத்திய பிறகு, தேங்கும் நீருக்குத் தடை இல்லை. அடுத்த காரணம் தழும்பு. புண் ஆறும்போது உடல் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை அந்த வெற்றிடத்தில் நெய்து நிரப்புகிறது. முதல் வாரங்களில் அது அவசர அவசரமாக, ஒழுங்கில்லாமல், தேவைக்கும் அதிகமாகவே நெய்யப்படுகிறது. ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரையிலான காலத்தில் தழும்பு மிகக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படுவது வழக்கம். அதற்குப் பிறகுதான் உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஒழுங்குபடுத்தி, இளக வைக்கிறது. சுரப்பி எங்கே அடர்த்தியாக இருந்ததோ அங்கேதான் வெட்டு ஆழமாக விழுந்திருக்கும். ஆகவே காம்புக்கு நேர் அடியில்தான் தழும்பும் தடிமனாக இருக்கும். நீங்கள் பொத்தான் என்று சொன்னது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

மாலையில் கூடுவதும் இயல்பே. பகல் முழுவதும் நின்று, நடந்து, கையை வீசி வேலை செய்யும்போது நீர் கீழ்நோக்கி இறங்கி மார்பின் அடிப்பகுதியில் சேர்கிறது. இரவில் படுத்துத் தூங்கியதும் பரவி வடிகிறது. வீட்டு வேலையோ எடை தூக்குவதோ கூடுதலாக இருந்த நாளின் மாலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஆறுவதும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து கூடுதலாகத் திசு எடுக்கப்பட்டதோ, எந்தக் கையை நாம் அதிகம் பயன்படுத்துகிறோமோ அந்தப் பக்கம் பல வாரங்கள் பின்தங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சுரப்பி மிஞ்சியிருக்கவே வாய்ப்பில்லையா என்று கேட்பீர்கள். வாய்ப்பு உண்டு. சொல்லப்போனால், காம்பு உள்ளே குழிந்து ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, மெல்லிய ஒரு தகடு அளவுக்குச் சுரப்பியை மருத்துவர்கள் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். அதற்கு மேல் மிஞ்சியிருந்தால் தொடும்போது வேறுபாடு தெரியும். சுரப்பி ரப்பர்போல் வளைந்து கொடுக்கும், ஓரம் தெளிவாக இருக்கும், விரலுக்கு அடியில் சற்று நழுவும். தழும்பு பலகைபோல் இறுகியிருக்கும், மேலிருக்கும் தோலோடு ஒட்டியிருக்கும், ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் கரைந்துபோகும். நீர் கோத்திருந்தால் ஒரு பக்கம் விரலால் தட்டும்போது மறுபக்கத்தில் அலை தட்டும். கொழுப்பு மிஞ்சியிருந்தால் கிள்ளிப் பிடிக்கும்படி மெத்தென்று இருக்கும். எல்லாவற்றையும்விடக் காலம் சொல்லும் பதில்தான் நம்பகமானது: தழும்பு மாதாமாதம் இளகிக்கொண்டே போகும், சுரப்பி அப்படியே இருக்கும்.

இந்த வேறுபாடுகளை நான் எழுதியது நீங்களே அழுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இதே குறையோடு வந்தார். சட்டையைக் கழற்றியதும் இடது காம்புக்கு அருகே தோலில் நீள்வட்டமாக ஒரு சிவந்த தடம் தெரிந்தது. கட்டைவிரல் பதிந்த தடம் அது. ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் அந்தக் கட்டி கரைந்துவிட்டதா என்று கட்டைவிரலால் அழுந்தப் பிசைந்து பார்த்திருக்கிறார். பிசைந்த இடம் மறுநாள் இன்னும் வீங்கியிருக்கிறது. வீங்கிவிட்டதே என்று மறுபடியும் பிசைந்திருக்கிறார். ஒரு மாதம் அந்த இடத்தில் கையே வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. நீங்களும் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அருள்கூர்ந்து அதை இன்றோடு நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக மாதத்துக்கு ஒரு முறை, அதே அறையில், அதே வெளிச்சத்தில், காலை நேரத்தில், கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முன்பக்கமும் இரு பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் எதுவும் புலப்படாது. ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால், வீக்கம் இறங்குகிறதா, நிற்கிறதா, ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். உங்கள் மருத்துவருக்கும் அந்தப் படங்கள் மிகவும் உதவும்.

நீவிவிடுவது வேறு, பிசைவது வேறு. பொதுவாக இரண்டு மூன்று வாரம் கழிந்து, தையல் நன்றாகக் கூடிய பிறகு, மருத்துவர் அனுமதித்தால் நீவிவிடத் தொடங்கலாம். உள்ளங்கையில் வாசனையில்லாத களிம்பைத் தடவிக்கொண்டு, மார்பின் நடுவிலிருந்து அக்குளை நோக்கி மென்மையாக, ஒரு நாளில் இரண்டு முறை, சில நிமிடங்கள் நீவினால் போதும். அந்தப் பகுதியின் நிணநீர் பெரும்பாலும் அக்குளில் உள்ள கணுக்களுக்குத்தான் போய்ச் சேர்கிறது என்பதால் திசை முக்கியம். வலிக்கும் அளவுக்கு அழுத்தினால் அது சிகிச்சை ஆகாது.

இறுக்க உடுப்பை ஆறு வாரத்தோடு நீங்கள் நிறுத்தியது தவறு இல்லை. ஆனால் மாலை வீக்கம் தொடர்வதால், பகலில் சில மணி நேரம் மட்டும் இன்னும் மூன்று நான்கு வாரம் அணியலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு நான் அப்படிச் சொல்வதுண்டு. அணிவதானால் ஒன்றைக் கவனியுங்கள். உடுப்பு மடிந்து சுருண்டால், அந்த மடிப்பு வீங்கிய தோலில் வாய்க்கால்போலப் பதிந்துவிடும்; மடிப்புக்கு மேலும் கீழும் நீர் தேங்கி இரண்டு மேடுகள் எழும்பும். அதை வீக்கம் கூடிவிட்டதாக எண்ணிப் பதறி, இன்னும் சிறிய அளவில் உடுப்பு வாங்கி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூச்சை முழுதாக இழுக்க முடிய வேண்டும், கை மரத்துப்போகக் கூடாது, உடுப்பில் ஒரு சுருக்கமும் இருக்கக் கூடாது. இறுக்கம் அவ்வளவுதான் வேண்டும்.

புகைபிடிப்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள். நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். உப்பைக் குறைப்பது நீர் தேங்குவதைச் சற்றே குறைக்கும். வீக்கத்தை உடனே வடிக்கும் என்று சொல்லி விற்கப்படும் எதையும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள்.

ஆறு மாதம் கழித்தும் அந்தப் பொத்தான் இளகாமல் அப்படியே நின்றால் அப்போதும் வழிகள் உண்டு. தழும்புதான் என்று உறுதியானால் டிரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைச் சிறிய அளவில் அந்த இடத்திலேயே ஊசி மூலம் செலுத்தி இளக வைக்கலாம். அளவு மீறினால் மேல்தோல் மெலிந்து குழியாகும் என்பதால், அனுபவமுள்ள கைதான் அதைச் செய்ய வேண்டும். சுரப்பி மிஞ்சியிருப்பதாக ஸ்கேன் காட்டினால், பழைய தழும்பின் வழியாகவே அதை எடுக்கலாம். இதையெல்லாம் திசு இளகிய பிறகு செய்தால் எளிது. இப்போதே அவசரப்பட்டுத் திறந்தால், வீங்கி இறுகிய திசுவில் எது சுரப்பி எது தழும்பு என்பதே தெரியாமல், தேவைக்கு மேல் வெட்டி, காம்புக்கு அடியில் தட்டுப்போல் குழி விழுந்துவிடும். புடைப்பைச் சரிசெய்வதைவிடக் குழியைச் சரிசெய்வது பல மடங்கு கடினம்.

கேள்வி: என் கணவருக்கு இதே அறுவை சிகிச்சை நடந்து 12 நாட்கள் ஆகின்றன. வடிகுழாயை எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாட்களாக இடது மார்பு மட்டும் உப்பி, அசைந்தால் உள்ளே தண்ணீர் தளும்புவதாகச் சொல்கிறார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

பதில்: ஒத்தடம் வேண்டாம் அம்மா. அறுவை சிகிச்சைக்குப் பின் மார்புத் தோல் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள், மரத்துப்போயிருக்கும். சூடு எவ்வளவு என்பது அவருக்கு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஐஸ் கட்டியை நேரடியாக வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

நீங்கள் சொல்வது செரோமா என்னும் நீர்க்கோப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சுரப்பியை எடுத்த வெற்றிடத்தில் வெளிர் மஞ்சள் நிற நீர் சேர்வதுதான் அது. முதல் மூன்று வாரங்களில் இது வருவதுண்டு. மருத்துவர் ஓர் ஊசியால் அதை உறிஞ்சி எடுத்துவிடுவார். தோல் மரத்திருப்பதால் வலி பெரிதாக இருக்காது. மறுபடியும் சேரலாம், இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டியும் வரலாம். அது சிகிச்சை தோற்றதன் அடையாளம் அல்ல. எடுத்த பிறகு உடுப்பைச் சரியாக அணிந்து, கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் சில நாட்கள் இருக்கட்டும். எடுக்காமல் விட்டுவிட்டால் நீரைச் சுற்றி ஓர் உறை உருவாகி, பின்னால் நிரந்தரக் கட்டியாக நின்றுவிடலாம். ஆகவே நாளையே அழைத்துச் செல்லுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தோல் சிவந்து சூடாகிச் சீழ் தெரிந்தாலோ, ஒரு பக்கம் சில மணி நேரத்துக்குள் கல்போல் இறுகி வலி கூடிக்கொண்டே போனாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது உள்ளே ரத்தம் கசிந்து சேர்வதன் அடையாளம். பெரும்பாலும் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ வரும், அபூர்வமாகப் பின்னாலும் வரும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ, ஒரு காலின் ஆடுசதையில் மட்டும் வீக்கமும் வலியுமோ இருந்தால் அது மார்பு வீக்கத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. ரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 19. நான்கு வாரம் ஆகிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் வீக்கம் சீக்கிரம் வடியும் என்று நண்பன் சொல்கிறான். போகலாமா?

பதில்: நடங்கள், வேகமாகவே நடங்கள், கால்களுக்கான லேசான பயிற்சியும் இப்போது செய்யலாம். மார்புக்கும் தோளுக்கும் எடை தூக்குவதை ஆறு வாரம் முடிந்து, உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். நெஞ்சுத் தசையின் மேல்தான் ஆறாத அந்தப் பரப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தசை பலமாகச் சுருங்கும்போதெல்லாம் அது உரசிப் பிரிந்து மீண்டும் நீர் சுரக்கும். தொடங்கும்போதும் முன்பு தூக்கிய எடையில் பாதிக்கும் குறைவாகத் தொடங்குங்கள், மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் ஒரு வாரம் பின்வாங்குங்கள். தசை வளர்ப்பதற்கென்று ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ யார் கொடுத்தாலும் தொடவே தொடாதீர்கள் தம்பி. அதன் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனாக மாற்றிவிடும். எடுத்த சுரப்பியில் மிஞ்சிய துளியும் மறுபடி வளரும்.

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்து 14 மாதங்கள் ஆகின்றன. ஓராண்டு நன்றாக இருந்தேன். இரண்டு மாதமாக ஒரு பக்கம் மட்டும் மீண்டும் புடைக்கிறது, தொட்டால் கூச்சம் கலந்த வலி. வயது 46. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இதுவும் பழைய வீக்கம்தானா?

பதில்: இல்லை. அறுவை சிகிச்சையால் வந்த வீக்கம் ஓராண்டு அடங்கியிருந்துவிட்டு மீண்டும் வருவதில்லை. இதைப் புதிய குறையாகவே எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேட வேண்டும். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் ஆண்களுக்கு மார்பகச் சுரப்பியை வளர்க்கும் என்பது நன்கு தெரிந்த செய்தி. முடி உதிர்வுக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரப்படும் ஃபினாஸ்டரைடும் சிலருக்கு அப்படிச் செய்யும். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து இருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தவரே மாற்றித் தரட்டும். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் ஹார்மோன் அளவுகளையும் ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். விரைப்பையையும் மருத்துவர் பரிசோதிப்பார். கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், விரையில் தோன்றும் சில கட்டிகளின் முதல் அடையாளமே மார்பு வீக்கமாக இருப்பதுண்டு.

கட்டி காம்புக்கு அடியில் இல்லாமல் ஓரமாக இருந்தாலோ, கல்போல் கெட்டியாக அசையாமல் இருந்தாலோ, காம்பு உள்ளே இழுக்கப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வந்தாலோ, மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுத்து, தேவையானால் ஊசி மூலம் சிறிது திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 100-க்கு ஒன்றுதான் ஆண்களுக்கு வருகிறது. அந்த ஒன்றும் பெரும்பாலும் தாமதமாகத்தான் எங்கள் கைக்கு வருகிறது, ஆணுக்கு அது வராது என்ற நினைப்பினால். முதல் அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.